குழையும் கிணறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வலிகாமத்து வழுக்கியாறும் மாரியில் மாத்திரம் நீர் கொண்டு, மழை நின்றதும் வறண்டுபோவது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் பருவமழையே ஆண்டு முழுவதற்குமான முதல். வயலில் நெல்லும் அந்த ஒரு மாரியை நம்பியே விதைக்கப்படும். அவ்வாறிருந்தும், ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. பின்னர் வெங்காயமும் மிளகாயும் தென்னிலங்கைச் சந்தைகளுக்குச் சென்றன. ஆறில்லாத நாட்டில் கோடையிலும் தோட்டம் பசுமையாக நின்றது எங்ஙனம்? இதற்குரிய விடை நிலத்தின் அடியில் இருக்கிறது.

குடாநாடு முழுவதும் சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்தது. மழைநீர் அப்பாறையின் வெடிப்புகளினூடே இறங்கி, உள்ளே பரந்து கிடக்கும் கடல்நீரின் மேல் தங்குகின்றது. நன்னீர் உவர்நீரிலும் இலேசானது. ஆதலால் அது ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கும். இதன் கணக்கை 1889ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டுப் பொறியியலாளர் பாடன் கைபனும், 1901இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பர்க்கும் எழுதினர். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது அக்கணக்கு. மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து 40 அடிக்கு உவர் ஏறிவரும் என்பதும் அதே கணக்குத்தான். புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றிலே மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பது இந்த உண்மைக்குக் கண்கண்ட சான்று.

குடாநாட்டுக் கமக்காரன் இக்கணக்கைப் படித்தவன் அல்லன். ஆயினும் அவன் கையாண்ட கருவி அந்த எல்லையை மீறவிடவில்லை. ஆடுகாலில் பொருத்திய துலாவின் மேல் ஆட்கள் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, ஒருவர் பனையோலைப் பட்டையால் நீரை வாய்க்காலில் ஊற்றுவர். மற்றொருவர் பாத்திகளுக்கு நீர் மாறுவார். விடியற்காலையில் தொடங்கிய இறைப்பு, வெயில் ஏறியதும் ஓயும். மனிதர் இளைத்தபோது கிணறும் ஓய்வு பெற்றது. இறைத்த நீர் ஊறுவதற்கு அவகாசம் கிடைத்தது. ஒரே கிணற்றுக்குப் பலர் பங்காளராயிருந்தனர். காணி உறுதிகளில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் சேர்த்தே எழுதப்பட்டன. ஒருவர் முறையில் மற்றொருவர் இறைக்க முடியாது.

நீரைப் போலவே மண்ணும் பேணப்பட்டது. வலிகாமத்துச் செம்மண் நன்மண்ணே எனினும், பாறையின் மேல் அதிக ஆழமின்றிக் கிடப்பது. இட்ட சத்தை நீருடன் விரைவில் கீழே இறக்கிவிடுவது. அதற்கு மருந்து குழை. கதியால் வேலியாக நின்ற பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் நிழல் தந்தன, எல்லை காத்தன. உரிய காலத்தில் வெட்டப்பட்டுத் தோட்டத்து மண்ணுள் தாழ்க்கப்பட்டன. தரிசு நிலத்திற் பிடுங்கிய காவிளாயும், விதைத்து உழுத சணலும், வன்னியிலிருந்து வண்டியில் வந்த காட்டுக்குழையும் அவற்றோடு சேர்ந்தன. கூரையிலும் வேலியிலும் பழசாகிப்போன பனையோலை கூட வீணாகவில்லை. அதுவும் மண்ணுக்கே திரும்பியது. அறுவடை முடிந்த தறையில் ஆடுமாடுகளை இராக்காலத்தில் பட்டி அடைத்தனர். கோடையில் குளத்தை வெட்டி ஆழமாக்கி, எடுத்த வண்டலை வயலிலே பரப்பினர். இதனால் வயலுக்கு உரம் கிடைத்தது. அடுத்த மாரியில் குளம் கூடுதலான நீரைத் தேக்கி நிலத்துள் இறக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குளங்கள் குடாநாட்டில் இருந்தமை வெறும் அழகுக்காக அன்று.

குழை மெல்ல உக்குவது. சத்தைச் சிறிது சிறிதாகப் பயிருக்கு விடுவது. ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பது. இறைப்பின் தேவையும் அதனாற் குறைந்தது. ஆகவே குழையும் கிணறும் ஒன்றையொன்று காத்தன எனலாம்.

இதனை ஒரு பொற்காலமாக வருணிப்பது முறையன்று. துலா மிதித்தோரும் குழை சுமந்தோருமாகிய பலர் நிலமற்றவர். சாதிக் கட்டுப்பாட்டின் கீழ்க் குறைந்த கூலிக்கு உழைத்தவர். தாம் இறைத்த கிணற்றிலேயே தமக்கென நீர் அள்ளும் உரிமை அவர்களுட் பலருக்கு இருக்கவில்லை. 1950களில் மண்ணெண்ணெய் நீரிறைக்கும் யந்திரம் பரவத் தொடங்கியபோது அது வரவேற்கப்பட்டமைக்கு, அந்த உழைப்பின் கடுமையும் ஒரு காரணம். கூடவே மூட்டையில் வந்த இரசாயன உரமும் பரவியது. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு விலை ஏறவே, தோட்டங்கள் பெருகின, பல குடும்பங்கள் கல்வீடு கட்டின, பிள்ளைகள் படித்தனர்.

ஆனால் யந்திரம் இளைப்பதில்லை. கிணறு ஓய்வின்றி இறைக்கப்பட்டது. கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் ஏறியது. பயிர் உண்டது போக எஞ்சிய உரம் நீருடன் இறங்கி, குடிநீர் எடுக்கும் அதே வில்லையிற் கலந்தது. 1980கள் முதல் நிகழ்ந்த ஆய்வுகள், வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியதைக் காட்டின. அத்தகைய நீரிற் கரைத்த பால் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடும். தோட்டத்திற்கு இட்டது தொட்டிலுக்கு வந்து சேரும் நிலை இது.

பழைய முறைக்கு ஒரே நாளில் திரும்பிவிடலாமா? 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. மாற்று உரம் போதியளவு ஆயத்தமாயிருக்கவில்லை. விளைச்சல் வீழ்ந்தது, கமக்காரர் வீதிக்கு வந்தனர், அவ்வாண்டு நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. குழை ஒரு கட்டளையால் முளைப்பதன்று என்பதை நாடு பெருவிலை கொடுத்துக் கற்றது. கதியால் நட்டு அது தழைக்கச் சில ஆண்டுகள் வேண்டும்; மாடு வேண்டும்; தூர் அகற்றிய குளம் வேண்டும்; வேலையாளுக்கு நியாயமான கூலியும் வேண்டும்.

இன்று மதில்கள் எழுந்த இடமெல்லாம் முன்பு கதியால் வேலி நின்ற இடம். அதில் ஒரு பகுதியேனும் மீண்டும் தழைக்குமாயின், தூர்ந்த குளங்களிற் சிலவேனும் வெட்டப்படுமாயின், பயிரின் தேவையை அளந்து உரம் இடும் வழக்கம் வருமாயின், கிணறு தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும். குடாநாட்டார் அனைவருக்கும் காணி வெவ்வேறு. காணிகளுக்கு அடியிலுள்ள நீர் ஒன்றே. ஒருவர் தம் தோட்டத்தில் இடுவதை அயலவரும் அருந்துகின்றனர். முன்னோர் கிணற்றுப் பங்கை உறுதியில் எழுதி வைத்தனர். எவ்வுறுதியிலும் எழுதப்படாத இந்தப் பெரும்பங்கைக் காப்பது இனி வருவோரின் கடன்.