செவிலியும் அவர்தம் இல்லமும்: கொள்ளைநோய் வரலாற்றில் விடுபட்ட ஒரு பகுதி

மருத்துவமனையில் நோயாளரைப் பேணுவோர்க்குச் 'செவிலியர்' என்னும் பெயர் இன்று அரசு ஆவணங்களிலும் ஏடுகளிலும் நிலைபெற்றுவிட்டது. இச்சொல் பழையது, அது குறிக்கும் தொழிலே புதியது. அகப்பாடல் மரபில் தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தலைவி உடன்போக்கிற் சென்றவழி நற்றாய் பெரும்பான்மையும் மனைக்கண் இருந்து புலம்புவாள். செவிலியோ சுரத்திடைத் தேடிச் செல்வாள். மனையில் இருத்தல் ஒருத்திக்கும் இடர் நிறைந்த வழியிற் செல்லுதல் மற்றொருத்திக்கும் உரியவாகப் புலவர் பகுத்தனர்.

இன்றைய செவிலியிடம் இவ்விரு நிலையும் ஒருங்கே அமைந்துள்ளன. தம் மனையில் அவர் நற்றாய். நோயாளர் கூடத்தில் செவிலி. ஆடவரும் இத்தொழிலில் உளரெனினும், உலகச் செவிலியருள் பத்தில் ஒன்பதின்மர் பெண்டிர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. இயல்பான நாட்களில் இவ்விரு கடமைகளும் ஒருவாறு இணைந்து செல்லும். கொள்ளைநோய் பரவும் காலத்திலோ, ஓரிடத்துச் செய்த தொண்டே மற்றோரிடத்துக்கு நோயைக் கொண்டு சேர்க்கக்கூடும். ஆண்டுதான் செவிலியின் இல்லம் வரலாற்றுக்குள் வருகின்றது. எனினும் வரலாறு எழுதுவோர் அதனைப் பெரிதும் கண்டிலர்.

அகமரபு செவிலியின் குடும்பத்தைப் பற்றிக் கூறும் குறிப்பு ஒன்று ஈண்டு நினையத்தக்கது. தோழி என்பாள் செவிலியின் மகள் எனத் தொல்காப்பியர் களவியலில் உரைப்பர். அம்மகளும் தலைவியின் நலம் ஒன்றையே கருதி வாழ்கின்றாள். அவளுக்கென ஒரு களவோ கற்போ பாடப்படவில்லை. செவிலியின் பணியில் அவள் மக்களுக்கும் பங்குண்டு. அப்பங்கு அவர்தம் வாழ்வாகப் பாடப்பெறுவதில்லை. அண்மைக் காலக் கொள்ளைநோய் வரலாற்றிலும் இந்நிலையே காணப்படுகின்றது. இதனை மூன்று நிகழ்ச்சிகளால் விளக்குவாம்.

1. டொரன்டோ, 2003

2003-ஆம் ஆண்டில் பரவிய சார்சு நோய் உலகெங்கும் 8,098 பேரைப் பற்றி, 774 பேரின் உயிரைக் கொண்டது. நோயுற்றோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் மருத்துவப் பணியினர். கனடா நாட்டில் இறந்தோர் 44 பேர். அவருள் டொரன்டோ நகரச் செவிலியர் இருவரும் அடங்குவர்.

அந்நகரில் நோயாளரோடு பழகிய பணியினர்க்குப் 'பணியொடு கூடிய தனிமை' என்னும் ஒரு முறை விதிக்கப்பட்டது. அவர்கள் மருத்துவமனைக்குச் செல்லலாம், இல்லத்திற்குத் திரும்பலாம், வேறெங்கும் செல்லலாகாது. இல்லத்திலும் முகக்கவசம் அணிதல் வேண்டும். தனியே உண்ணுதல் வேண்டும். தனியே உறங்குதல் வேண்டும். மருத்துவமனையின் விதி இல்லத்தின் அடுக்களை வரையும் படுக்கையறை வரையும் நீண்டது. தாயைக் கண்ணாற் காணலாம், அணுகலாகாது என்னும் நிலை குழந்தைகட்கு ஏற்பட்டது.

இறந்த செவிலியருள் ஒருவரான தெக்லா லின் என்பார், நோயுற்ற மருத்துவப் பணியினரைப் பேணத் தாமே முன்வந்தவர். அவர்தம் கணவரும் அவரிடமிருந்து அந்நோய் பெற்று, அவர்க்கு முன்னரே இறந்தார். கணவர் மருத்துவமனைப் பணியாளர் அல்லர். எனினும் அப்பணியின் விலையை அவரும் கொடுத்தார்.

பின்னர் அமைந்த நீதிபதி காம்பெல் ஆணையம், இரண்டாம் முறை நோய் தலையெடுத்த காலத்தில் செவிலியர் முன்னரே எழுப்பிய எச்சரிக்கை உரியவாறு கேட்கப்படவில்லை என்பதைப் பதிவு செய்தது. அறிவியல் உறுதி கிட்டும் வரை காத்திராமல் காப்பு முறைகளை மேற்கொள்ளல் வேண்டும் என்பது அதன் தலையாய பரிந்துரை. செவிலியின் சொல்லைக் கேளாமை அவர் உயிரோடு மட்டும் நிற்பதன்று. அவர் இல்லத்தாரையும் இடருக்கு உள்ளாக்குவது என்பது இவற்றாற் பெறப்படும்.

2. பேராம்பரா, 2018

கேரளத்தில் 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் நிபா நோய் தோன்றியது. அஃது உலகப் பரவல் அன்று. கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களுக்குள் அடங்கிற்று. ஆயினும் அதனாற் செவிலியர் இல்லம் பட்ட பாடு இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. பேராம்பரா வட்ட மருத்துவமனையில் தொடக்க நோயாளரைப் பேணிய செவிலி லினி, அந்நோயுற்று மே 21-ஆம் நாள் இறந்தார். கணவர் பகுரைன் நாட்டில் பணிபுரிந்தவர். மக்கள் இருவரும் இளஞ்சிறார்.

தாம் பிழைப்பது அரிது என்று உணர்ந்த அவர், கணவர்க்குச் சிறு கடிதம் ஒன்று எழுதினார். மக்களைப் பேணுமாறு வேண்டுவதே அதன் உள்ளுறை. நோயாளர் கூடத்தில் இருந்துகொண்டு நற்றாயாகப் பேசிய சொற்கள் அவை. நோய்ப்பரவலை அஞ்சி அவர் உடல் இல்லத்திற்குக் கொண்டுசெல்லப்படாமலே எரியூட்டப்பட்டது. இறுதிக்கடன் முறையாகச் செய்யும் உரிமையையும் அக்குடும்பம் இழந்தது. கேரள அரசு பொருளுதவி அளித்துக் கணவர்க்கு அரசுப் பணியும் வழங்கியது. இழப்பு ஒரு குடும்பத்தின் இழப்பு என்பதை ஓர் அரசு ஏற்றுக்கொண்டமைக்கு இது சான்றாகும்.

3. தமிழகம், 2020 முதல் 2022 வரை

பிளாரன்சு நைட்டிங்கேல் பிறந்த 200-ஆம் ஆண்டை முன்னிட்டு 2020-ஆம் ஆண்டு உலகச் செவிலியர் ஆண்டாக அறிவிக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு மார்ச்சு 11-ஆம் நாள் கொரோனா உலகக் கொள்ளைநோய் என அறிவிக்கப்பட்டது. மார்ச்சு 22-ஆம் நாள் மாலையில் இந்தியா முழுவதும் மக்கள் வாயிலில் நின்று மருத்துவப் பணியினர்க்காகக் கைதட்டினர். ஆனால் அடுத்த சில கிழமைகளில் அப்பணியினர் பலர் வாடகை வீட்டைவிட்டு வெளியேறுமாறு வற்புறுத்தப்பட்டனர். ஏப்பிரல் 22-ஆம் நாள் நடுவண் அரசு 1897-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் பிறப்பித்தது. பணியிடத்துத் தொல்லையோடு வாழ்நிலைக்கு ஊறு செய்யும் தொல்லையும் அதில் குற்றமாகக் கொள்ளப்பட்டது. செவிலியின் இல்லமும் காக்கப்படவேண்டிய இடம் என்று சட்டம் சொல்லவேண்டிய நிலை வந்தது.

காற்றுப் புகாத கவசவுடைக்குள் பல மணி நேரம் நீரும் அருந்தாமல் நிற்றல். சில நாள் பணி, சில நாள் விடுதித் தனிமை. கைப்பேசித் திரையில் மட்டும் குழந்தையின் முகம். பாட்டியிடமோ உறவினரிடமோ வளரும் பிள்ளைகள். இவை அந்நாளையச் செவிலியர் பலர்க்குப் பொதுவான வாழ்க்கை. கைக்குழந்தைக்குப் பாலூட்டலாமா என்று தயங்கிய தாயரும், தாயின் பணிநேரத்தை எண்ணிக்கொண்டு உறங்காதிருந்த பிள்ளைகளும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. பணியின்போது இறந்தோர்க்கு 50 இலட்ச உரூபாய்க் காப்பீடு அறிவிக்கப்பட்டது. அது வேண்டியதே. ஆயினும் இறவாமல் உழைத்தோரின் இல்லங்கள் அக்கணக்கில் வாரா.

தமிழகத்தில் 2015 முதற்கொண்டே செவிலியர் பலர் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்டு வந்தனர். நிலைத்த பணி வேண்டி 2017 நவம்பரில் சென்னையில் அவர்கள் போராடினர். கொரோனாக் காலத்தில் மேலும் பலர் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டனர். அவ்வாறு சேர்ந்தோருள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரின் பணி 2022 திசம்பர் 31-ஆம் நாளோடு முடிக்கப்பட்டது. மாற்றுப் பணி வழங்குவதாக அரசு கூறியது, அதுவும் தற்காலிகமானதே. கைதட்டிய மாலைக்கும் இந்நாளுக்கும் இடையே மூன்று ஆண்டுகள்கூட நிறையவில்லை.

முடிவு

செவிலியரைத் 'தாய்' என்றும் 'தெய்வம்' என்றும் போற்றுதல் நம் வழக்கம். நோயாளர் அவரைச் 'சிஸ்டர்' என்று அழைப்பதும் உறவுமுறை பற்றியதே. இப்பெயர்கள் அன்பினால் எழுந்தவை; குறை கூறத்தக்கன அல்ல. ஆயினும் இவற்றுள் ஓர் இடர் உண்டு. தாய்மைக்குக் கூலி இல்லை. தெய்வத்திற்குக் குடும்பம் இல்லை. தொழிலை இயல்பூக்கமாகக் கருதியவிடத்து, அத்தொழிலாளியின் ஊதியமும் ஓய்வும் இல்லமும் நம் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றன. டொரன்டோவிற் கேளாச் செவியும், தமிழகத்தில் 2022-இன் இறுதியில் பிறந்த ஆணையும் இம்மறதியின் வெவ்வேறு வடிவங்கள் எனலாம்.

கொள்ளைநோய் வரலாறு இறந்தோர் தொகையாலும் அரசாணைகளாலும் மட்டும் அமைவதன்று. செவிலியர் எழுதிய கடிதங்கள், அவர்தம் கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் வாய்மொழிகள் ஆகியனவும் அதன் மூலங்களே. 2020-இல் பத்து வயதினராக இருந்த பிள்ளைகள் இன்னும் சில ஆண்டுகளில் நம் வகுப்பறைகளில் வந்து அமர்வர். அவர்கள் நினைவு மங்குமுன் தொகுத்தல் தமிழாய்வு மாணவர்க்கு உரிய பணியாகும். தோழி தன் வாழ்வைப் பற்றி ஒன்றும் சொல்லாமலே அகப்பாடல்களில் நின்றுவிட்டாள். இன்றைய செவிலியின் மகளையேனும் பேசவிடுதல் நம் கடன்.