நாட்குறிப்பு எழுதிய படக்கருவி

சரித்திரம் என்றவுடன் மாணவர்களாகிய உங்கள் நினைவில் எழுவன யாவை? அரசர்களின் ஆட்சியாண்டுகள், போர்கள், உடன்படிக்கைகள். ஆனால் அப்போர்களால் ஊரிழந்தவர்கள் யாருடன் அமர்ந்து உணவருந்தினார்கள், எதைக் கண்டு சிரித்தார்கள் என்பதை எந்தச் சாசனமும் சொல்வதில்லை. அதனைச் சொல்ல முற்பட்ட திரைப்படக் கலைஞர் ஒருவரைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

ஜோனாஸ் மேகாஸ் 1922-ஆம் ஆண்டில் லிதுவேனியா நாட்டுச் சிற்றூர் ஒன்றில், உழவர் குடியில் பிறந்தார். 1944-இல் தம்பியுடன் ஊரைவிட்டு வெளியேறியவர், ஜெர்மனியின் எல்ம்ஸ்ஹார்ன் நகரில் கட்டாய உழைப்பு முகாமில் அடைக்கப்பட்டார். போர் முடிந்த பின்னரும் சில ஆண்டுகள் அகதி முகாம்களில் கழிந்தன. 1949-இல் சகோதரர் இருவரும் நியூயார்க் சேர்ந்தனர். சேர்ந்த சில வாரங்களிலேயே கடன் பெற்று, போலெக்ஸ் என்னும் படக்கருவியை வாங்கினர்.

அது சாவி கொடுத்து இயக்கும் சுவிட்சர்லாந்துக் கருவி. ஒருமுறை முடுக்கினால் சுமார் அரை நிமிடம் ஓடும். 100 அடிச் சுருள் மூன்று நிமிடங்களுக்குள் தீர்ந்துவிடும். இந்தச் சுருக்கத்தையே மேகாஸ் தம் நடையாக்கிக் கொண்டார். நண்பர் வீட்டுத் திருமணம், பூங்காவில் பெய்த பனி, உணவு மேசையைச் சுற்றிய முகங்கள் ஆகியவற்றைக் கண்ணிமைப்பது போன்ற சிறு சிறு துணுக்குகளாகப் பதிவு செய்தார். அவ்வாறு உருவான 'வால்டன்' 1969-இல் வெளிவந்தது. மூன்று மணி நேரம் ஓடும் அப்படத்தில் புனைந்த கதையும் இல்லை. வேடமிட்ட நடிகரும் இல்லை.

1971-இல், இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், அவர் தாயைக் காணத் தாய்நாடு சென்றார். மறு ஆண்டு வெளிவந்த அப்பயணப் படத்தில், வெட்டவெளியில் அடுப்பு மூட்டிச் சமைக்கிறார் அந்த முதிய தாய். அக்காட்சியைக் கண்டபோது என் பாட்டியை எண்ணிக்கொண்டேன். அவருக்கென்று எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு நிழற்படம். அதிலும் விறைத்து நிற்கிறார். மோர் கடைந்த அந்தக் கைகளின் அசைவை எங்களுள் எவரும் பதிந்து வைக்கவில்லை.

எனினும் நாட்குறிப்பு என்பது முழுச் சரித்திரம் ஆகாது. மேகாஸின் இளமைக் காலத்தில், 1941-இல், அவருடைய ஊருக்கு அருகிலிருந்த பிர்ஷாய் நகரில் யூத மக்கள் படுகொலை செய்யப்பட்டனர். அக்கொடுமையைப் பற்றி அவர் தம் படைப்புகளில் ஏன் போதிய அளவு பேசவில்லை என்று 2018-இல் வரலாற்றாய்வாளர் ஒருவர் வினவினார். நியாயமான வினா அது. அன்போடு பார்க்கும் கண்ணும் சிலவற்றைப் பாராமல் விடக்கூடும். ஆகவே, காட்டப்பட்டதோடு காட்டப்படாததையும் ஆராய்வதே சரித்திர மாணவனின் கடமை.

மேகாஸ் பிறர் படைப்புகளையும் போற்றினார். 1962-இல் திரைப்படக் கலைஞர்களின் கூட்டுறவு அமைப்பு ஒன்றையும், 1970-இல் அரிய படங்களுக்கான காப்பகம் ஒன்றையும் நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். 2019-இல், 96-ஆம் வயதில் மறைந்தார்.

நண்பர்களே, இன்று உங்களுட் பலர் கையில் படக்கருவி இருக்கிறது. விழா நாட்களை எல்லோரும் படமெடுப்பார்கள். நீங்கள் ஒரு சாதாரண நாளையும் எடுத்து வையுங்கள். நாளும் இடமும் குறித்து வையுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் தேடப்போகும் சாசனம் அதுவாகவே இருக்கலாம்.