சுவிஸில் கைத்துப்பாக்கி வாங்க நினைக்கும் தமிழர் அறிய வேண்டியவை

சுவிற்சர்லாந்தின் ஆயுத ஒழுங்குவிதியில் 12ஆம் பிரிவு எட்டு நாடுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: சேர்பியா, பொஸ்னியா-ஹெர்சகோவினா, கொசோவோ, வட மசிடோனியா, துருக்கி, இலங்கை, அல்ஜீரியா, அல்பேனியா. இந்த நாடுகளின் குடிமக்கள் சுவிஸில் துவக்கோ ரவையோ வாங்கவும் வைத்திருக்கவும் முடியாது. துவக்கைக் கொண்டு திரிவதும் அதனால் சுடுவதும்கூடத் தடை. சி அனுமதியோடு முப்பது வருடம் இங்கே வாழ்ந்தவராக இருந்தாலும், கையில் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் இந்தத் தடை அவருக்குப் பொருந்தும். வேட்டை, விளையாட்டு நிகழ்வு, பாதுகாப்புப் பணி ஆகியவற்றுக்கு மாநில அதிகாரிகள் விதிவிலக்காக அனுமதி கொடுக்கலாம். அதை முன்கூட்டியே எழுத்தில் பெற வேண்டும்.

எம்மவரில் பலருக்கு இது தெரியாது. வருடாவருடம் நடக்கும் ‘ஃபெல்ட்ஷீசன்’ என்ற சுடுதல் திருவிழாவுக்கு ஊரே போகும். பக்கத்து வீட்டுச் சுவிஸ்காரர் நல்லெண்ணத்தோடு “நீயும் வந்து சுட்டுப் பார்” என்று கூப்பிடுவார். அவருக்கும் இந்தப் பட்டியல் தெரிந்திருக்காது. குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர் போய்க் குந்தியிருந்து பார்க்கலாம், சொசிச் சாப்பிடலாம். துவக்கில் கை வைக்க வேண்டாம்.

நான் சுவிஸ் குடியுரிமை கிடைத்த பிறகுதான் எங்கள் ஊர்ச் சுடுதல் கழகத்தில் சேர்ந்தேன். இருபத்திரண்டு வருடங்களாக 25 மீற்றரில் கைத்துப்பாக்கி சுட்டு வருகிறேன். என்னிடம் இருப்பது பழைய சிக் பி210. சுவிஸ் இராணுவம் 1949இல் ஏற்றுக்கொண்ட மாதிரி அது. 120 மி.மீ. குழல், எட்டு ரவை, ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த பாரம். மணிக்கட்டு இப்போது முன்னைப்போல் ஒத்துழைப்பதில்லை. கழகத்தில் ஒருவர் தன் குளொக் 19ஐ விற்க இருக்கிறார், விலையும் நியாயம். வாங்கலாமா என்று யோசிக்கத் தொடங்கிய பிறகு, இதே கேள்வியோடு என்னிடம் வந்த தமிழர்களின் தொகை எனக்கே வியப்பாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

‘கொம்பக்ட்’ என்று சொல்லப்படும் சிறிய கைத்துப்பாக்கி எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். குளொக் 17 ஒரு முழு அளவுத் துப்பாக்கி. அதன் குழல் 114 மி.மீ., கூட்டில் 17 ரவை. 1988இல் வந்த 19 அதன் தம்பி: 102 மி.மீ. குழல், 15 ரவை, வெறும் துப்பாக்கியின் பாரம் ஏறத்தாழ 600 கிராம். இதைவிடச் சிறியவையும் உண்டு. சிக் பி365இன் குழல் 79 மி.மீ. மட்டுமே. இவற்றைச் சிறிதாக்கியதற்குப் பெரிய காரணம் ஒன்றுதான்: உடுப்புக்குள் தெரியாமல் இடுப்பில் வைத்துக்கொள்ள.

குறிபார்த்துச் சுடுகிறவருக்கு இந்தச் சிறுமை உதவாது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலுள்ள தூரம் குளொக் 17இல் சுமார் 165 மி.மீ., 19இல் சுமார் 153. குறிகள் ஒன்றுக்கொன்று ஒரு மி.மீ. விலகினால், 25 மீற்றரில் முன்னதில் ரவை 15 செ.மீ. தள்ளிப் போகும், பின்னதில் 16 செ.மீ. இந்த வித்தியாசத்தோடு சமாளிக்கலாம். 130 மி.மீ. மட்டுமே தரும் மிகச் சிறிய துப்பாக்கியில் அதே பிழை 19 செ.மீ. ஆகிவிடும். 25 மீற்றர் துல்லியப் போட்டி அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 5 செ.மீ. தான். பாரம் குறைந்தால் கைக்குச் சுகம் என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். சுடும்போது கதை வேறு. ரவை அதே 9 மி.மீ. ரவை, துப்பாக்கி இலேசு என்றால் உதை கூடும். மிகச் சிறியவற்றில் சின்ன விரலுக்குப் பிடிக்க இடமும் இராது. நோகும் மணிக்கட்டுக்கு இது மருந்தல்ல. விற்கிறவரின் துப்பாக்கியால் எங்கள் கழகத்தில் ஐம்பது ரவை சுட்டுப் பார்த்தேன். நாற்பதாவதுக்குப் பிறகு பி210இல் வராத நோ வந்தது. வாங்க விரும்புகிற யாரும் கடைக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று முடிவெடுக்காமல், முதலில் சுட்டுப் பார்க்க வேண்டும்.

சட்டம் அப்படியொன்றும் சிக்கலானதல்ல. கைத்துப்பாக்கிக்கு ‘வாஃபன்-எர்வெர்ப்ஸ்ஷைன்’ என்ற கொள்வனவு அனுமதி தேவை. வதியும் மாநிலத்தின் பொலிஸில் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 50 பிராங், ஆறு மாதம் செல்லும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். வன்முறைக் குற்றப் பதிவு இருக்கக் கூடாது. தனக்கோ பிறருக்கோ ஆபத்தாகலாம் என்று ஐயப்பட இடமிருந்தால் அனுமதி கிடையாது. கடையில் வாங்கினாலும் என்னைப்போல் தனியாளிடம் வாங்கினாலும் இதே பத்திரம்தான். அனுமதியில்லாமல் வாங்கினாலோ வைத்திருந்தாலோ மூன்று ஆண்டுவரை சிறை அல்லது தண்டம். கைத்துப்பாக்கிக்கு 20 ரவைக்கு மேல் கொள்ளும் கூடுகளை 2019இல் வந்த மாற்றம் தடைப் பிரிவுக்குள் கொண்டுபோய்விட்டது. குளொக் 19இன் வழமையான கூட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

கொள்வனவு அனுமதி இடுப்பில் வைத்துத் திரிவதற்கான அனுமதி ஆகாது. அதற்குத் தனிப் பத்திரம் இருக்கிறது. உண்மையான ஆபத்து இருப்பதைக் காட்ட வேண்டும், சோதனையும் எழுதிச் சித்தியடைய வேண்டும். சாதாரண ஆளுக்கு அது எட்டாது. மற்றவர்கள் கழகத்துக்குக் கொண்டுபோகலாம், திருத்தக் கொண்டுபோகலாம். துப்பாக்கியும் ரவையும் வெவ்வேறாக இருக்க வேண்டும், கூட்டுக்குள் ஒரு ரவைகூட இருக்கக் கூடாது. ஆகவே ஒளித்துக் கொண்டு திரிவதற்காக உருவாக்கப்பட்ட ஒரு பொருளை, ஒளித்துக் கொண்டு திரிய முடியாத நாட்டில் வாங்குகிறோம்.

என்னிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் விளையாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. “அண்ணை, களவு கூடிப்போச்சு. நகை எல்லாம் வீட்டில கிடக்கு. சின்னதா ஒண்டு வாங்கி வைச்சால் என்ன?” என்பதுதான் கேள்வி. விளையாட்டு, வேட்டை, சேகரிப்பு தவிர்ந்த தேவைக்கு வாங்குகிறவர் காரணத்தை விண்ணப்பத்தில் எழுத வேண்டும். வாங்கினாலும் பிறர் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கச் சட்டம் சொல்கிறது. நிலக்கீழ் அறையில் பூட்டிக் கிடக்கும் துப்பாக்கி, மேல்மாடிக்குக் கள்ளன் வரும் நேரத்தில் யாருக்கும் உதவாது. பூட்டாமல் தலையணைக்கடியில் வைத்தால் அதை முதலில் காணப்போவது வீட்டுப் பிள்ளை. நகைக்கு வங்கிப் பெட்டகம் மலிவு.

பூட்டுவதைப் பற்றிச் சுவிஸ்காரர் பேசும்போது பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் நினைக்கிறார்கள். எங்கள் வீடுகளில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள். என் மனைவியின் தம்பி 2010இல் வந்தவன். வன்னியின் கடைசி மாதங்களை முழுவதும் கண்டவன். எங்களோடுதான் இருக்கிறான், இன்னமும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். ஓகஸ்ட் முதலாம் திகதி சுவிஸ் தேசிய நாளுக்கு வாணவெடி தொடங்கினால், இரவிரவாக நிலக்கீழ் அறையில் இருப்பான். இங்கே பல வீடுகளின் அடியில் கொங்கிறீற் பதுங்கறை உண்டு, சாமான் அடுக்கத்தான் பயன்படும். அவனுக்கு மட்டும் அது பங்கர்தான். என் துப்பாக்கிப் பெட்டகமும் அங்கேதான் இருக்கிறது.

புதிதாக ஒன்று வாங்குவதைப் பற்றி மேசையில் கதைத்தபோது எல்லோரும் ஏதோ சொன்னார்கள். அவன் கேட்டது ஒன்றுதான்: “அத்தான், திறப்பு எங்க இருக்கும்?”

பயத்தில் கேட்டானா, வேறு நினைப்பில் கேட்டானா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டில் எது என்றாலும் என் பதில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று பட்டது.

சுவிஸில் துவக்கால் நிகழும் சாவுகளில் மிகப் பெரும்பான்மை தற்கொலைகள். 2001 செப்ரெம்பர் 27இல் சூக் மாநிலப் பாராளுமன்றத்தில் ஒருவன் 14 பேரைச் சுட்டுக் கொன்றது உலகச் செய்தியானது. வீட்டுக்குள் ஒவ்வொன்றாக நடப்பவை செய்தியாவதில்லை. 2003இல் இராணுவச் சீர்திருத்தத்தால் படையினர் தொகை ஏறத்தாழப் பாதியானபோது, வீடுகளில் இருந்த இராணுவத் துவக்குகளும் குறைந்தன. அதன்பின் 18 முதல் 43 வயது வரையான ஆண்களிடையே தற்கொலை குறைந்ததை 2013இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. துவக்கு எட்டாத தூரத்தில் இருந்தபோது வேறு வழியைத் தேடியவர்கள் சிறு பகுதியினர் மட்டுமே. அந்தக் கொடிய நேரம் பெரும்பாலும் கடந்து போகிற நேரம். நித்திரை கொள்ளாத ஒருவர் இருக்கும் வீட்டில் இதைவிட முக்கியமான தரவு குளொக் கையேட்டில் இல்லை.

இந்தக் கேள்வி, கைத்துப்பாக்கியை நினைத்தும் பாராத வீடுகளுக்கும் இப்போது வந்துவிட்டது. சுவிஸ் குடிமகனான எங்கள் பையன் இராணுவப் பயிற்சிக்குப் போனால் ‘ஸ்ருர்ம்கெவேர் 90’ துவக்கோடு ரயிலால் வந்து இறங்குவான். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஊரைவிட்டு ஓடிவந்த தாய், பிள்ளை தோளில் துவக்கோடு படியேறுவதைப் பார்க்கிறாள். சில தாய்மாருக்கு அது பெருமை, சிலர் அன்றிரவு சாப்பிடுவதில்லை. அந்தப் பையன்கள் அறிய வேண்டியது: 2010 முதல் இராணுவத் துவக்கைக் காரணம் சொல்லாமல், கட்டணமில்லாமல் இராணுவக் களஞ்சியத்தில் ஒப்படைத்து வைக்கலாம். அதை யாரும் குறையாகப் பதிய மாட்டார்கள். ரவையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் 2007இலேயே முடிவுக்கு வந்துவிட்டது.

விற்கிறவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பி210இன் சறுக்கியைக் கழற்றி, ரவையோடு சேர்த்து வேறொரு பூட்டுக்குள் வைத்திருக்கிறேன். அந்தத் திறப்பு வீட்டில் இல்லை, என் வேலையிடத்துப் பெட்டியில் இருக்கிறது. மைத்துனனிடமும் அதைச் சொன்னேன். “சரி அத்தான்” என்றான்.

வீட்டில் வேண்டாத துவக்கு, இறந்தவர் விட்டுப்போன துவக்கு, பழைய ரவை எதுவாக இருந்தாலும் மாநிலப் பொலிஸ் கட்டணமில்லாமல் பொறுப்பேற்கும். முதலில் தொலைபேசியில் அறிவியுங்கள். கையில் தூக்கிக்கொண்டு நேரே பொலிஸ் நிலையத்துக்குள் போக வேண்டாம்.