சம்பளமும் பந்துவீச்சும்: எம். ஜே. கோபாலனின் 1936

1936இல் எம். ஜே. கோபாலன் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியை விட்டுவிட்டுக் கிரிக்கெட் ஆட இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். இந்திய ஹாக்கி அணி இறுதியாட்டத்தில் ஜெர்மனியை 8–1 என்று வென்று தங்கம் வாங்கியது. கோபாலனுக்கோ அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. இதைத் தலைவிதிக் கதையாகவே சொல்லிவருகிறோம். எனக்கு அதில் விதியைவிட வயிற்றுப்பாடுதான் அதிகம் தெரிகிறது.

செங்கல்பட்டுப் பக்கம் மொரப்பாக்கத்தில் 1909இல் பிறந்தவர் கோபாலன். திருவல்லிக்கேணியில் பந்து வீசிக்கொண்டிருந்தவரைக் கண்டெடுத்தவர் சி. பி. ஜான்ஸ்டன். பர்மா ஷெல் அதிகாரியான அவர் சென்னைக் கிரிக்கெட்டின் தூண்களில் ஒருவரும்கூட. கோபாலனுக்கு அந்தக் கம்பெனியிலேயே வேலையும் கிடைத்தது. தியான் சந்துடன் 1935இல் நியூசிலாந்து வரை போய் வந்த ஹாக்கி அவருக்குப் பெயர் தந்தது. சோறு கிரிக்கெட் வழியாக வந்தது. ஆட்டத்துக்குக் கூலி வாங்காத அமெச்சூருக்கு, லீவு தருபவரே புரவலர். கோபாலன் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பார் என்பது பெரிய புதிரல்ல.

திறமைதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்போர் 1934 நவம்பர் 4ஆம் தேதி சேப்பாக்கத்து ஸ்கோரைப் பார்க்கட்டும். ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். மைசூர் 48, 59, சென்னை 130. ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. ஆனால் 11 விக்கெட்டைச் சாய்த்தவர் ஏ. ஜி. ராம்சிங். அவர் கடைசிவரை டெஸ்ட் ஆடவில்லை. அவருடைய மகன்கள் இருவர் ஆடினார்கள். விஜயநகரம் இளவரசர் தலைமையேற்ற 1936 பயணத்தில் லாலா அமர்நாத்தையே பாதியில் ஊருக்கு அனுப்பினார்கள் என்றால், புரவலர் கை எவ்வளவு நீளம் என்பது விளங்கும்.

கோபாலனோடு ஒப்பிட ஒருவர் உண்டு. கியூபாவின் கோன்ராடோ மர்ரேரோ 1911இல் பிறந்த பேஸ்பால் பந்துவீச்சாளர். சியென்ஃபுவேகோஸ் அணிக்காக ஆடிய அமெச்சூர். 1941 உலக அமெச்சூர் தொடரின் தீர்மான ஆட்டத்தில் வெனிசுவேலாவின் கனோனிகோவிடம் தோற்றார். ஆனாலும் அவருக்குத் தொழில்முறை என்னும் இன்னொரு வாசல் திறந்திருந்தது: 39 வயதை நெருங்கும்போது, 1950இல், வாஷிங்டன் அணிக்காக அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் இறங்கினார். கோபாலனுக்கு ஒரே டெஸ்ட், 1934 ஜனவரியில் கல்கத்தாவில். அதில் ஒரே விக்கெட்.

கோபாலனுக்காவது ஒரு புரவலர் இருந்தார். நான் இதை எழுதும் தக்கலையில் அந்தக் காலத்தில் எவனாவது நன்றாகப் பந்து வீசியிருந்தாலும் சேப்பாக்கம் அவனுக்கு வேற்று நாட்டு மைதானம்தான். தக்கலை இருக்கும் கல்குளம் வட்டம் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. பக்கத்து நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979இல். திருவிதாங்கூர்–கொச்சி அணி 1951–52இல்தான் ரஞ்சிக்குள் நுழைந்தது. அந்த அணியில் இடம் தேட வழி பிறந்து ஐந்தாண்டு ஆவதற்குள், 1956 நவம்பர் 1ஆம் தேதி, தக்கலை சென்னை மாநிலத்தோடு சேர்ந்துவிட்டது.