குண்டும் குழியும் தரும் மின்சாரம்

எங்கள் திருவண்ணாமலையில் இருந்து பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறீர்களா? ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு அடி தூக்கிப் போடும்! அந்தக் குலுக்கல் எல்லாம் எங்கே போகிறது தெரியுமா? ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெயைச் சூடாக்கிவிட்டு வீணாகப் போகிறது. அதாவது நாம் காசு கொடுத்துப் போட்ட டீசலில் ஒரு பங்கு.

இதைத் திரும்ப வசூலிக்கப் பார்த்தவர்களில் ஒருவர் இந்திய வம்சாவளிக்காரர். பெயர் அமர் போஸ். ஆமாம், ஸ்பீக்கர் கம்பெனி போஸ்தான்! இவருடைய அப்பா வங்காளத்து விடுதலைப் போராளி. வெள்ளைக்காரர்கள் சிறையில் போட, 1920-ல் அமெரிக்காவுக்குத் தப்பிப் போனார். மகன் 1929-ல் பிலடெல்பியாவில் பிறந்து, எம்.ஐ.டி.யில் படித்து அங்கேயே பேராசிரியர் ஆனார். 1964-ல் கம்பெனி தொடங்கினார்.

1980-ல் கார் சஸ்பென்ஷன் ஆராய்ச்சியில் இறங்கினார். முதல் ஐந்து வருடம் வெறும் கணக்குதான்! 2004-ல் காரை உலகுக்குக் காட்டினார். ஒவ்வொரு சக்கரத்திலும் ஷாக் அப்சார்பருக்குப் பதில் ஒரு மின்காந்த மோட்டார். பள்ளம் வந்தால் சக்கரத்தைக் கீழே தள்ளும். சக்கரம் மேலே ஏறும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும். அதனால் கார் ஏ.சி. இழுப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட அதற்குத் தேவைப்படவில்லை.

ஆனால் எடையும் விலையும் அதிகம். எந்த காரிலும் விற்பனைக்கு வரவில்லை. 2013-ல் போஸ் காலமானார். 2017-ல் அந்தத் தொழில்நுட்பத்தை கிளியர்மோஷன் வாங்கியது. அதுவும் எம்.ஐ.டி. மாணவர்கள், லாரி ஷாக் அப்சார்பரில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய கம்பெனிதான்.

சரி, எவ்வளவு கிடைக்கும்? 2016-ல் ஆடி கம்பெனி தன் சோதனைக் கணக்கைச் சொன்னது. புதிதாகப் போட்ட நெடுஞ்சாலையில் 3 வாட். மோசமான சாலையில் 613 வாட். சராசரி 100 முதல் 150 வாட், அதாவது இரண்டு சீலிங் ஃபேன் ஓடும்.

"அப்போ நம்ம ஊர் ரோட்டுக்கு லாபம்தானே" என்று வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான். காமர்ஸ் படிக்கிறவன் கேட்கிற கேள்வியாடா இது! 613 வாட் வருமானம் அல்ல, ஏற்கனவே செலவழித்த டீசலில் கொஞ்சம் திரும்பி வருவது. டயர் தேய்மானத்தையும் பாட்டியின் இடுப்பு வலியையும் எந்த மோட்டாரும் திருப்பித் தராது. என் பேரேட்டில் முதல் பதிவு இதுதான்: முதலில் ரோட்டைப் போடுங்கள். 3 வாட்டே போதும் :)