பெயர் வைத்துப் போற்றிய பறவைகள்



பாடி என்றால் நமக்கு நினைவுக்கு வருவது மேம்பாலம், லூகாஸ் டிவிஎஸ் பஸ் ஸ்டாப், ஜவுளிக்கடைக் கூட்டம். குருப்பெயர்ச்சி அன்று மட்டும் உள்ளே இருக்கும் சிவன் கோயில் ஞாபகம் வரும். அந்தக் கோயிலின் பழைய பெயர் திருவலிதாயம். திருஞானசம்பந்தர் பாடிய தலம். தொண்டை நாட்டில் பாடல் பெற்ற 32 தலங்களில் இதுவும் ஒன்று. அந்தப் பெயருக்குள் ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது என்பது அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் பல வருடமாகக் குடியிருப்பவர்களில்கூடப் பலருக்குத் தெரியாது.

பரத்வாஜ முனிவர் வலியன் என்னும் பறவை வடிவில் இங்கே சிவனை வழிபட்டார் என்பது தல வரலாறு. வலியன் வழிபட்டதால் வலிதாயம். சுவாமியின் பெயரும் வலிதாயநாதர்.

வலியன் எந்தப் பறவை? அதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். கரேலென்று, மைனாவை விட மெலிதாக, வால் நுனி இரண்டாகப் பிளந்து, மின்கம்பியில் தனியாக உட்கார்ந்திருக்குமே, அதுதான். கரிச்சான், கரிக்குருவி, இரட்டைவால் குருவி என்று ஊருக்கு ஒரு பெயர். திருப்பாவை ஏழாம் பாசுரத்தில் ஆண்டாள் குறிப்பிடும் ஆனைச்சாத்தனும் இந்த வலியன்தான் என்று உரைகாரர்கள் எழுதியிருக்கிறார்கள். பரத்வாஜ பட்சி என்ற பெயரையும் அவர்களே சொல்கிறார்கள். பாடியின் தல வரலாறும் திருப்பாவை உரையும் ஒரே பறவையில் வந்து சேர்கின்றன.

சாத்தன் என்பது அந்தக் காலத்தில் மனிதர்கள் வைத்துக்கொண்ட பெயர். மணிமேகலை எழுதியவர் சீத்தலைச் சாத்தனார். அந்தப் பெயரைத்தான் ஒரு கரிய குருவிக்கும் வைத்திருக்கிறார்கள். இன்றைய பதிவின் மையம் இதுதான். மனிதனுக்கும் பறவைக்கும் உள்ள உறவைக் காட்டும் கலை என்றால் உலகில் எவ்வளவோ இருக்கிறது. நம் தொண்டை மண்டலத்தில் அந்த உறவு பெயர் வைப்பதில் தொடங்கியிருக்கிறது. பறவையை ஓர் ஆளாக எண்ணிப் பெயர் வைத்தார்கள். கோயிலும் கல்லும் கதையும் அதற்குப் பிறகு வந்தவை.

வலியன் என்ற பெயருக்கு மதுரைக்காரர்கள் ஒரு காரணக்கதை வைத்திருக்கிறார்கள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் கரிக்குருவிக்கு உபதேசம் செய்த படலம் என்று ஒன்று உண்டு. காக்கைகள் ஒரு கரிக்குருவியை ஓயாமல் கொத்தித் துன்புறுத்துகின்றன. அது மதுரைக்குப் பறந்து வந்து பொற்றாமரைக் குளத்தில் மூழ்கிச் சொக்கநாதரை வணங்குகிறது. இறைவன் மந்திரம் உபதேசிக்கிறார். 'எல்லோரும் என்னை எளியவன் என்று இகழ்கிறார்கள்' என்று குருவி முறையிட, அவர் அதற்கு வலிமை கொடுக்கிறார். எளியான் வலியான் ஆகிறான். மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் இந்த லீலையை இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள்.

பக்தியை ஒரு நிமிடம் தள்ளி வைத்துவிட்டு, அந்தக் கதையைக் கட்டியவர் எதைப் பார்த்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். கரிச்சான் கூடு கட்டியிருக்கும் மரத்துப் பக்கம் காக்கை வரட்டும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய காக்கையை, பருந்தைக்கூட, அந்தச் சின்னப் பறவை முதுகில் கொத்தி விரட்டும். அது இருக்கும் தைரியத்தில் மற்ற சிறு பறவைகளும் அதே மரத்தில் வந்து கூடு கட்டுவது உண்டு. காக்கைக்குப் பயப்படாத இந்தச் சின்னப் பறவைக்கு இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்குத்தான் புராணம் பதில் சொல்கிறது. நன்றாகக் கவனித்துப் பார்த்த ஒருவரால்தான் இப்படி ஒரு கதை சொல்ல முடியும்.

உழவர்களும் அதைக் கவனித்தவர்கள்தான். மேயும் மாட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்து, மாடு கிளப்பிவிடும் பூச்சியைப் பிடிப்பது இதன் வழக்கம். இன்றும் நெல் வயலில் குச்சி நட்டுப் பறவை தாங்கி வைக்கிறார்கள். கரிச்சான் வந்து உட்கார்ந்து பூச்சி தின்னட்டும் என்றுதான்.

அடுத்தது ஒரு கல். மதுராந்தகம் வட்டாரத்தில் இந்தளூர் என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த நடுகல்லில் மனித வீரன் இல்லை, ஒரு சேவல் இருக்கிறது. பக்கத்திலேயே எழுத்தும் உண்டு. அது கீழ்ச்சேரிக் கோழி என்றும், அதன் பெயர் பொற்கொற்றி என்றும் கல் சொல்கிறது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் கிடைத்த இன்னொரு சேவல் கல், முகையூர் மேற்சேரிக் கோழியைப் பற்றிச் சொல்கிறது. இரண்டும் ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முந்தையவை. தமிழி எழுத்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலம்.

நடுகல் யாருக்கு வைப்பார்கள்? ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கு, ஊரைக் காக்கப் போரிட்டு விழுந்தவனுக்கு. அதே மரியாதையைச் சேவற்போரில் உயிர்விட்ட கோழிக்கும் கொடுத்திருக்கிறார்கள். கொற்றம் என்றால் வெற்றி. பொற்கொற்றி என்று ஆசையாகப் பெயர் வைத்து வளர்த்து, அது இறந்த பிறகு கல்தச்சனை அழைத்து உருவத்தையும் பெயரையும் வெட்ட வைத்திருக்கிறார்கள். வளர்த்தவர் தன் பெயரை அதில் வெட்டிக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். கோழியின் பெயரும் சேரியின் பெயரும் மட்டுமே அந்தக் கல்லில் இருக்கின்றன.

சண்டைக்கு விட்டுச் சாகடித்ததும் அவர்கள்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்பும் கொடுமையும் அந்த ஒரே கல்லில் இருக்கின்றன. மனிதனுக்கும் பறவைக்கும் உள்ள உறவு என்றைக்குமே அப்பழுக்கற்றதாக இருந்ததில்லை. ஆனால், செத்தது வெறும் கோழி என்று தூக்கி எறிந்துவிட்டுப் போகாமல், அதன் பெயரைச் சொல்லி அழுதவர்கள் இந்த மண்ணில் இருந்திருக்கிறார்கள்.

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால், காஞ்சிபுரம் திருப்பத்தைத் தாண்டித் திருப்புட்குழி வரும். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. புள் என்றால் பறவை. இராமன் ஜடாயுவுக்கு ஒரு மகனைப் போல இறுதிக் கடன் செய்த இடம் என்பது நம்பிக்கை. மூலவர் விஜயராகவப் பெருமாள் ஜடாயுவைத் தன் தொடையில் தாங்கியபடி காட்சி தருகிறார். பாடியில் பறவை ஒரு பக்தன். இந்தளூரில் வீரன். திருப்புட்குழியில் தகப்பன் முறை.

இனி சென்னைக்கே திரும்புவோம். 1801ஆம் ஆண்டு மதராஸ் உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியாக சர் ஹென்றி கில்லிம் வந்தார். உடன் வந்தவர்கள் மனைவி எலிசபெத் கில்லிம், மைத்துனி மேரி சைமண்ட்ஸ். எலிசபெத் இங்கே வந்து தெலுங்கு கற்றார், செடிகொடிகளை ஆராய்ந்தார், பறவைகளை வரைந்தார். பறவை பிடிப்பவர்கள் கொண்டு வந்து கொடுத்த பறவைகளைப் பார்த்து நீர்வண்ணத்தில் தீட்டினார். பல படங்கள் பறவையின் உண்மையான அளவிலேயே இருக்கின்றன. இறகு இறகாக வரைந்திருப்பதால் எந்தப் பறவை என்று இன்றைய வல்லுநர்கள் அடையாளம் சொல்ல முடிகிறது.

பறவைகளை உண்மை அளவில் வரைந்தவர் என்று உலகம் கொண்டாடுவது அமெரிக்காவின் ஆடுபானை. அவருடைய நூல் 1827இல்தான் வெளிவரத் தொடங்கியது. அதற்கு இருபது வருடம் முன்பே நம் சென்னையில் ஒரு பெண் அதைச் செய்து முடித்துவிட்டார். 1807இல் இங்கேயே இறந்து, கோட்டையில் உள்ள புனித மேரி தேவாலயத்தில் அடக்கமானார். படங்கள் யாருக்கும் தெரியாமல் கிடந்தன. நூறு வருடத்துக்கும் மேல் கழித்து, 1920களில், கேசி வுட் என்ற கண் மருத்துவர் லண்டனில் அவற்றைக் கண்டு வாங்கினார். 121 பறவைப் படங்கள் இன்று கனடாவில், மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

அந்தப் படங்களில் பறவை பக்தனும் இல்லை, வீரனும் இல்லை. பறவை பறவையாக மட்டுமே நிற்கிறது. பார்க்கும் முறையில் அது பெரிய மாற்றம். அறிவியலுக்கு லாபம். ஆனால் அதைப் பிடித்து வந்த நம் ஊர்க்காரர் அந்தப் படத்தில் இல்லை. எந்த மரத்தில் எந்த நேரத்தில் எது வரும் என்று அவருக்குத் தெரிந்ததால்தான் அந்த ஓவியமே வந்தது. இந்தளூர்க் கல் அதற்கு நேர்மாறு. கல்தச்சனின் சேவல் கில்லிம் அம்மையாரின் படம்போலத் துல்லியமானது அல்ல. ஆனால் அந்தக் கோழி எந்தச் சேரியைச் சேர்ந்தது என்று கல்லே சொல்கிறது.

இந்த இரண்டு பார்வையும் ஒருவரிடம் கூடிவந்தது மா. கிருஷ்ணனிடம்தான். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். பறவைகளை மணிக்கணக்கில் பார்த்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, கோட்டோவியமும் தானே வரைந்தார். நம் ஊரில் மக்கள் பறவைகளுக்கு வைத்த தமிழ்ப் பெயர்களை மதித்தவர்.

இப்போது ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன்? திருக்கழுக்குன்றத்தை நினைத்துப் பாருங்கள். கழுகு பெயரிலேயே ஒரு குன்றம். தினமும் உச்சி வேளையில் இரண்டு வெள்ளைக் கழுகுகள் வந்து பண்டாரத்தின் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போகும். பட்சி தீர்த்தம் என்று படம் போட்ட தபால் அட்டைகள் விற்ற காலம் உண்டு. 1990களுக்குப் பிறகு அவை வருவதில்லை. நாடு முழுவதுமே அந்தக் காலத்தில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006இல் தடை செய்தார்கள். குன்றம் இருக்கிறது, கோயில் இருக்கிறது, படி ஏறும் பக்தர்கள் இருக்கிறார்கள். கழுகு இல்லை.

பாடிக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. கோயிலும் இருக்கிறது, வலியனும் இருக்கிறது. கொரட்டூர் ஏரிக்கரையில், பருத்திப்பட்டு ஏரியில், நம் தெரு மின்கம்பியில் விடியற்காலையில் முதலில் கூப்பிடும் குரல்களில் அதன் குரலும் ஒன்று. ஆனால் அதைப் பார்க்கும் பிள்ளைகளிடம் பெயர் கேட்டால் 'காக்கா' என்கிறார்கள், அல்லது 'ஏதோ பறவை' என்கிறார்கள். பெயர் தெரியாத ஒன்று காணாமல் போனால் யாரும் தேட மாட்டார்கள். ஏரியில் கழிவுநீர் கலந்தாலும், கரை மரத்தை வெட்டினாலும், 'வலியன் எங்கே?' என்று கேட்க அந்தப் பெயர் தெரிந்த ஒருவராவது வேண்டும்.

அடுத்த முறை பேரப்பிள்ளைகளோடு திருவலிதாயம் போனால், குரு சந்நிதியில் விளக்கேற்றிவிட்டு நேராகப் பிரசாத வரிசைக்குப் போய்விடாதீர்கள். வெளியே வந்து கம்பியைப் பாருங்கள். இரட்டை வாலோடு கறுப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தால், 'அதுதான் வலியன், இந்தக் கோயிலே அதன் பெயரில்தான் இருக்கிறது' என்று காட்டிக் கொடுங்கள்.

கரிச்சானுக்கு உங்கள் ஊரில் வேறு பெயர் உண்டா? பாட்டி தாத்தா சொல்லிக் கேட்டிருந்தால் ஊர்ப் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து வைக்கிறேன்.