வெள்ளைச் சோறு – 7: அதே கடல், அதே வழி

போன வாரம் ரியூஜோ போர்க்கப்பலை ஹோனலுலு துறைமுகத்தில் நிறுத்திவிட்டுப் பிரிந்தோம். உள்ளே படுத்த படுக்கையாகக் கிடந்த மாலுமிகள் என்ன ஆனார்கள்? வாரம் முழுக்க உங்களை அரித்த கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

பிழைத்தார்கள். எல்லோரும் இல்லை.

தோக்கியோவிலிருந்து கிளம்பும்போது கப்பலில் 376 பேர். நியூசிலாந்து, தென்னமெரிக்கா, ஹவாய் என்று சுற்றிவிட்டு 272 நாள் பயணம் முடிந்தபோது கணக்குப் பார்த்தார்கள். பெரிபெரி பிடித்தவர்கள் 169 பேர். செத்தவர்கள் 25 பேர். வழியில் ஒரு பீரங்கி வெடிக்கவில்லை. எதிரி என்று ஒருவனும் எதிர்ப்படவில்லை.

ஆனால் ஹோனலுலுவில் ஒரு காரியம் நடந்தது. கப்பலில் இருந்த அரிசியை ஒதுக்கிவிட்டு, ரொட்டியும் இறைச்சியும் காய்கறியும் வாங்கி ஏற்றினார்கள். எழுந்திருக்க முடியாமல் கிடந்தவர்கள் எழுந்தார்கள். நடந்தார்கள். கப்பலை ஊருக்கு ஓட்டிக்கொண்டும் வந்தார்கள்.

கரையில் ஓய்வு கிடைத்தது, நல்ல காற்று பட்டது, தேறிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அப்படிச் சொல்ல ஒரே ஒருவருக்கு மட்டும் மனம் வரவில்லை.

தகாகி கனேஹிரோ. கப்பற்படையின் மருத்துவர்.

தகாகிக்கு அந்த நோய் ஏட்டில் படித்த நோய் இல்லை. வார்டில் தினமும் பார்த்த நோய். நோயாளியின் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்த வேண்டும். எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நிற்கும். சதை மேலே எழும்பி வராது. பாதம் மரத்துப்போகும். மூச்சு இரைக்கும். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருபது வயதுப் பையன் துடிதுடித்துச் சாவான். அருகில் நிற்கும் மருத்துவரால் அவன் கையைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான் முடியும்.

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஐந்து ஆண்டு படித்தவர் தகாகி. எத்தனையோ நோய்களை அங்கே பார்த்தார். பெரிபெரியை மட்டும் பார்க்கவில்லை. ஊர் திரும்பினால் கப்பற்படை மருத்துவமனை முழுக்க அதே நோய். 1878இல் படையில் இருந்தவர்கள் 4,528 பேர். நோய் கண்டவர்கள் 1,485 பேர். மூன்றில் ஒருவர்! இப்படிப்பட்ட படையை வைத்துக்கொண்டு யாரோடு போரிடுவது?

தகாகி பழைய கப்பல்களின் பயணக் குறிப்புகளைத் தேடி எடுத்துப் புரட்டினார். வெளிநாட்டுத் துறைமுகத்தில் நின்று அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்ட நாட்களில் நோய் இல்லை. நங்கூரம் தூக்கி, கப்பல் சோற்றுக்குத் திரும்பியதும் நோய். அதிகாரிகளுக்கு அபூர்வமாகத்தான் வருகிறது. மாலுமிகளுக்குக் கூட்டம் கூட்டமாக வருகிறது. ஒரே கப்பல், ஒரே காற்று, ஒரே கடல். தட்டு மட்டும் வேறு.

மாலுமியின் தட்டில் என்ன இருந்தது?

வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசிச் சோறு. மலைபோலச் சோறு. தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் ஊறுகாய், எப்போதாவது மீன்.

மாலுமியைக் குறை சொல்லாதீர்கள். அந்தப் பையன் எங்கிருந்து வந்தவன்? தினையும் பார்லியும் கிண்டித் தின்ற வீட்டிலிருந்து வந்தவன். வெள்ளைச் சோறு அவனுக்குத் திருநாள் சாப்பாடு. படையில் சேர்ந்தால் மூன்று வேளையும் அதுதான். சேர்ந்ததற்கு அதுவே பாதிக் காரணம். இன்னொன்றும் உண்டு. கப்பற்படை அப்போது சாப்பாட்டுக்குக் காசாகக் கொடுத்தது. அரிசியை வயிறார உண்டுவிட்டுக் கறிக்கும் காய்க்கும் ஆகும் செலவை மிச்சம் பிடித்தால், அந்தக் காசு ஊரில் அம்மா கைக்குப் போகும். அம்மாவுக்குப் பணம் அனுப்பிய பிள்ளைதான் அந்த வார்டில் கால் வீங்கிக் கிடந்தான். எனக்கு இந்தக் கதையில் நெஞ்சை அடைக்கும் இடம் இதுதான்.

(நம் வீட்டுப் புழுங்கலரிசிக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. பிற்பாடு மலாயாவில் வெள்ளரிசி தின்ற சீனத் தொழிலாளர்கள் இதே நோயில் விழுந்தபோது, புழுங்கலரிசி தின்ற தமிழ்த் தொழிலாளர்கள் தப்பினார்கள். தவிட்டில் இருக்கும் சத்து, நெல்லை அவிக்கும்போதே அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்த அத்தியாயத்துக்கு நாம் வராமல் போக மாட்டோம்.)

சரி, தகாகியிடம் வருவோம். அவருக்கு விடை கிடைத்துவிட்டது. நிரூபணம்தான் இல்லை.

இந்த இடத்தில்தான் அவர் வாழ்க்கையையே பணயம் வைத்தார்.

அடுத்த பயிற்சிப் பயணத்துக்கு ஒரு கப்பல் தயாராகிக்கொண்டிருந்தது. பெயர் ட்சுகுபா. அதில் சாப்பாட்டை மாற்றச் சொன்னார் தகாகி. இறைச்சி, மீன், பிஸ்கட், பயறு, காய்கறி, கெட்டிப்பால் எல்லாம் ஏற்றுங்கள், அரிசியைக் குறையுங்கள். அதோடு விட்டிருந்தால் சாதாரண மருத்துவர். அவர் இன்னொன்றையும் கேட்டார்.

ட்சுகுபா, ரியூஜோ போன வழியிலேயே போக வேண்டும்.

அதே நியூசிலாந்து. அதே தென்னமெரிக்கா. அதே ஹவாய்.

எதற்காக இந்தப் பிடிவாதம்? யோசித்துப் பாருங்கள். ட்சுகுபா வேறு திசையில் போய் நலமாகத் திரும்பினால், எதிராளி என்ன சொல்வான்? அந்தக் கடல் குளிர்ச்சி, அந்தத் துறைமுகம் சுத்தம், அதனால் நோய் வரவில்லை என்பான். அவன் வாயை அடைக்க ஒரே வழிதான். கடலை மாற்றாதே. துறைமுகத்தை மாற்றாதே. நாட்கணக்கை மாற்றாதே. சோற்றை மட்டும் மாற்று. பிறகு என்ன நடக்கிறதோ அதற்குச் சோறுதான் பொறுப்பு.

25 பேரைக் கொன்ற வழி என்று தெரிந்தே, இன்னும் 333 பேரை அதே வழியில் அனுப்பச் சொன்னார் ஒரு மருத்துவர். தன் கணக்கின் மேல் எத்தனை நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்! எத்தனை பயமும் இருந்திருக்க வேண்டும்!

கப்பற்படை அமைச்சர் கவாமுரா அவர் பக்கம் நின்றார். ஆனால் காசு? இறைச்சியும் கெட்டிப்பாலும் சும்மா வருமா? கூடுதலாக 60,000 யென் வேண்டும். கஜானாவோ வறண்டு கிடந்தது. நிதி அமைச்சர் மட்சுகாட்டா செலவைச் சுருக்கிக்கொண்டிருந்த காலம். தகாகி கதவு கதவாகத் தட்டினார். அரசின் பெரிய புள்ளியான இதோ ஹிரோபுமியிடம் போனார். கடைசியில் எங்கே போய் நின்றார் தெரியுமா?

பேரரசர் மெய்ஜியின் முன்னால்.

1883ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசி. முப்பத்துநான்கு வயது மருத்துவர் ஒருவர், முப்பத்தொரு வயதுப் பேரரசருக்கு எதிரே. கையில் போர்த் திட்டம் இல்லை. எந்தக் கப்பலில் என்ன சாப்பிட்டார்கள், எத்தனை பேர் விழுந்தார்கள் என்ற கணக்குத்தான்.

இந்தச் சந்திப்பைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கேட்பவர் யார்?

மெய்ஜிக்கே பெரிபெரி வந்திருக்கிறது. அவருடைய அத்தை இளவரசி கஸுனோமியா இதே நோயில்தான் ஹாகோனே மலைப்பகுதியில் இறந்தார். வயது முப்பத்தொன்று. உயரமான இடத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு காற்று மாறுங்கள் என்று பேரரசருக்கு யோசனை சொன்னார்கள். அவர் மறுத்தார். நான் மலைக்குப் போய்விடலாம், என் குடிமக்கள் எல்லோரும் எங்கே போவார்கள் என்று கேட்டாராம். தோக்கியோவில் பெரிபெரிக்கென்றே தனி மருத்துவமனை ஒன்று திறக்கப் பணமும் கொடுத்தார். மேல்நாட்டு முறை மருத்துவர்களும் பழைய கம்போ முறை மருத்துவர்களும் அங்கே அடுத்தடுத்து உட்கார்ந்து வைத்தியம் பார்த்தார்கள். முடிவு எதுவும் வரவில்லை.

அப்படிப்பட்டவரிடம் ஒருவர் வந்து, காற்றும் இல்லை, மலையும் இல்லை, சோறுதான் என்கிறார். ஜப்பானில் சோற்றைக் குற்றம் சொல்வது லேசா? அரிசியால் வரி வாங்கி, அரிசியால் சம்பளம் கொடுத்த தேசம் அது. பேரரசரே அரிசிக்குப் பூசை செய்யும் தேசம்.

மெய்ஜி கேட்டார். பாதியில் நிறுத்தவில்லை.

பணம் வந்தது. வழியும் ரியூஜோவின் வழியாக மாறியது. 1884 பிப்ரவரியில் ட்சுகுபா கிளம்பியது.

அதன் பிறகு தகாகிக்குச் செய்ய ஒன்றும் இல்லை. காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காத்திருப்பதுதான் பெரிய கொடுமை. பேரரசர் வரைக்கும் போய்ப் பேசியாகிவிட்டது. இனி ட்சுகுபாவில் பத்துப் பேர் செத்தால் அது அவர் ஏற்றி அனுப்பிய சாவு. தூக்கம் போனது. கணக்கு பொய்த்தால் வயிற்றைக் கிழித்துக்கொண்டு பேரரசரிடம் மன்னிப்புக் கேட்பது என்று அவர் முடிவெடுத்திருந்ததாகச் சொல்வார்கள். சாமுராய் குடும்பத்துப் பிள்ளை. சொல்லியிருந்தால் செய்திருப்பார்.

மார்ச் போனது. கோடை போனது. ரியூஜோவில் ஆட்கள் சாய்ந்து விழுந்த கடற்பரப்பை ட்சுகுபா தாண்டிக்கொண்டிருக்க வேண்டும். தாண்டியதா?

இலையுதிர்காலத்தில் ஹவாயிலிருந்து செய்தி வந்தது.

"நோயாளி ஒருவர்கூட இல்லை. நிம்மதியாக இருங்கள்."

அவ்வளவுதான். அந்த இரண்டே வரிக்குத்தான் எட்டு மாதம்!

நவம்பரில் கப்பல் வந்து சேர்ந்தது. 287 நாள். ரியூஜோவைவிடப் பதினைந்து நாள் அதிகம். சாவு?

ஒன்றுகூட இல்லை.

ஆனால் முழு ஆய்வு செய்தபோது லேசாக நோய் தட்டியவர்கள் 14 பேர் இருப்பது தெரிந்தது. வேறொருவராக இருந்தால் 169 எங்கே, 14 எங்கே என்று மார்தட்டிவிட்டுப் போயிருப்பார். தகாகி அந்த 14 பேரை விடவில்லை. என்ன சாப்பிட்டார்கள் என்று விசாரித்தார். இவர்களில் பெரும்பாலோர் கொடுத்த இறைச்சியைத் தொடாதவர்கள், அல்லது கெட்டிப்பாலைக் குடிக்காதவர்கள்! வாய்க்குப் பிடிக்கவில்லை, ஒதுக்கிவிட்டார்கள். கணக்கில் இடித்த 14 பேரே கணக்குக்குச் சாட்சி ஆனார்கள்.

ரொட்டியை மாலுமிகள் வெறுத்தது உண்மை. அதனால் அடுத்த ஆண்டே பார்லி கலந்த சோற்றைக் கொண்டுவந்தார் தகாகி. பார்லியா, ஏழை தின்னும் பண்டமாயிற்றே என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே தின்றார்கள். பிழைத்தார்கள். 1883இல் கப்பற்படையில் நோயாளிகள் 1,236 பேர். 1885இல் 41 பேர். 1886இல் 3 பேர்.

கதை முடிந்ததா? இல்லை. இனிமேல்தான் வினையே ஆரம்பம்.

தகாகியின் மருந்து சரி. காரணம் தப்பு.

உணவில் புரதம் குறைவதால்தான் பெரிபெரி என்று அவர் நம்பினார். நைட்ரஜனுக்கும் கார்பனுக்கும் உள்ள விகிதம் கெட்டுவிட்டது என்று எண்களை அடுக்கிக் காட்டினார். உண்மையில் குறைந்தது தவிட்டோடு போய்விட்ட வேறொரு சத்து. இன்று பி1 என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அன்று வைட்டமின் என்று ஒன்று இருப்பதே உலகில் எவருக்கும் தெரியாது. கண்ணுக்கு முன்னால் ஆட்கள் பிழைக்கிறார்கள். ஏன் பிழைக்கிறார்கள் என்று கேட்டால் தகாகி சொல்லும் பதிலில் ஓட்டை இருக்கிறது. படித்த எதிராளிக்கு இது போதாதா?

எதிராளிகள் இருந்தார்கள். கப்பற்படை மருத்துவம் பிரிட்டனிடம் படித்தது. தரைப்படையும் தோக்கியோ பல்கலைக்கழகமும் ஜெர்மனியிடம் படித்தவை. நோய் என்றால் கிருமி, கிருமி இல்லாமல் நோய் ஏது என்பது அவர்கள் பாடம். ட்சுகுபா திரும்பி ஆறு மாதம் ஆகவில்லை. பல்கலைக்கழகத்தின் ஓகாதா மசானோரி அறிவித்தார், பெரிபெரிக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று!

அதைவிடப் பெரிய ஆபத்து வேறு பக்கத்தில் இருந்தது. ட்சுகுபா இன்னும் கடலில் இருந்தபோதே, அந்த ஆகஸ்டில், யோகோஹாமாவிலிருந்து ஜெர்மனிக்கு இன்னொரு கப்பல் ஏறினார் ஒரு தரைப்படை மருத்துவர். வயது 22. அபாரமான மூளை. அதைவிட அபாரமான பேனா. படைவீரனுக்கு எந்த உணவு நல்லது என்பதும் அவர் படிக்கப் போன பாடங்களில் ஒன்று. அவர் எழுதிய நாவல்களுக்காக ஜப்பான் இன்றும் அவரைக் கொண்டாடுகிறது. ஆனால் அரிசிச் சோற்றுக்காக அவர் எழுதிய பக்கங்கள் வேறு.

தரைப்படை அந்தப் பக்கங்களைப் பிடித்துக்கொண்டது. வெள்ளைச் சோற்றை விடவில்லை. இருபது ஆண்டு கழித்து ரஷ்யாவோடு போர் மூண்டபோது, தரைப்படையில் பெரிபெரியால் மட்டும் இறந்தவர்கள் ஏறக்குறைய 27,000 பேர்.

பார்லி மூட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே!

யார் அந்த 22 வயது மருத்துவர்? ட்சுகுபாவின் கணக்கை முழுவதும் அறிந்த பிறகும் அவர் ஏன் அசையவில்லை?

அடுத்த வாரம்.